பால் ஃபிளாஸ்க்கில் ஒரு வைரஸ் சோதனை

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தாண்டிக்குடியில் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பால் ஃபிளாஸ்க்குக்குள் இருந்து எட்டு சின்ன டியூபுகளை எடுத்து ஒரு வெள்ளைத் தாள் மேல் வரிசையாக வைத்தேன். ஐந்து கத்தரிப்பூ நிறம், மூன்று ஆகாச நீலம். வெறும் தண்ணீர் விட்டிருந்த டியூப் கத்தரிப்பூவாகவே இருந்தது, நோய் உறுதியான வாழையில் இருந்து எடுத்தது நீலமாகியிருந்தது. அப்படியானால் மீதி ஆறு டியூபும் மாமாவின் ஆறு வாழைக்கன்றுகளைப் பற்றிச் சொல்வதை நம்பலாம்: நீலம் என்றால் வைரஸ் இருக்கிறது. இதற்கு எனக்கு 14 மாதம் ஆனது, ரூ. 38,000 சொச்சம் செலவு, அதில் ரூ. 13,000 சுத்தமாக வீண். எங்கே வீணானது என்பதை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

வத்தலக்குண்டில் எனக்கு ஒரு சின்ன நர்சரி. எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி படித்தவன்தான், ஆனால் படித்து முடித்து பத்து வருடமாக, துளியளவு திரவத்தை அளக்கும் பைப்பெட்டைக் கையால் தொட்டதில்லை. மாமாவுக்கு மலையில் மூன்று ஏக்கர், காப்பிக்கு நடுவே விருப்பாட்சி வாழை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் அதே மலைவாழை, 2008-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கீழ்ப்பழனி மலையில் அதை ஏறக்குறைய துடைத்து எடுத்தது முடிக்கொத்து என்னும் வைரஸ் நோய். குருத்து சரியாக விரியாது, இலைகள் ஒல்லியாகக் குத்திட்டு உச்சியில் கொத்தாக நிற்கும், தார் வராது. வந்த செடிக்கு மருந்து இல்லை, கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டியதுதான். அசுவினி பரப்புகிறது என்பது ஒரு பக்கம், கன்று வாங்கி நட்டு நாமே பரப்புவது இன்னொரு பக்கம். தாய்மரத்தில் வைரஸ் இருந்தால் கன்றிலும் இருக்கும், ஆனால் பிரித்து எடுக்கும்போது கன்று மூக்கும் முழியுமாக நன்றாகவே இருக்கும். "பார்த்தா ஒண்ணுமே தெரியல மாப்ள, நட்டு மூணு மாசத்துல கட்டிக்கிது" என்பார் மாமா. வெளியில் பிசிஆர் சோதனைக்குக் கொடுக்கலாம், நான் விசாரித்த இடத்தில் ஒரு சாம்பிளுக்கு ஆயிரத்துக்கு மேல் கேட்டார்கள். அறுபது கன்று நட நினைப்பவர் அறுபதாயிரம் கொடுப்பாரா?

அதனால் காகிதம். கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்துப் பழகிய இரண்டு கோட்டு அட்டை மாதிரி ஒன்று வாழைக்குச் செய்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் எல்லோரும் நினைப்பார்கள், என் முதல் பத்து மாதமும் அந்த நினைப்பில்தான் போனது.

இதில் ஒரு வசதி உண்டு. முடிக்கொத்து வைரஸின் மரபுப்பொருள் டிஎன்ஏ, ஆர்என்ஏ அல்ல. ஆறு சின்ன வளையங்கள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 1,100 எழுத்து. ஆர்என்ஏவை முதலில் டிஎன்ஏவாக மாற்றும் கூடுதல் வேலை கிடையாது. இதே உற்சாகத்தில் வாழை ஸ்ட்ரீக் வைரஸையும் சேர்க்கலாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு விட்டேன். விருப்பாட்சி மாதிரி 'பி' மரபணுத்தொகுதி (பால்பிசியானா என்னும் காட்டு வாழையில் இருந்து வந்தது) கலந்த ரகங்களில் அந்த வைரஸின் துண்டுகள் வாழையின் சொந்த மரபணுவுக்குள்ளேயே தைத்துக் கிடக்கும். நோயே இல்லாத செடியும் பாசிட்டிவ் காட்டும்.

செய்முறைக்கு, டிஎன்ஏவை ஒரே சூட்டில் பல மடங்கு பெருக்கும் லாம்ப் முறையை எடுத்துக்கொண்டேன். ஜப்பானின் ஐகென் கம்பெனிக்காரர்கள் 2000-ல் வெளியிட்டது. பிசிஆர் மாதிரி சூட்டை ஏற்றி இறக்க வேண்டாம், 65 டிகிரியில் அப்படியே வைத்திருந்தால் போதும். வைரஸின் டிஎன்ஏவைத் தேடி ஒட்டிக்கொள்ளும் சின்ன டிஎன்ஏ துண்டுகளுக்குப் பிரைமர் என்று பெயர், நான்கு பிரைமர் கட்டாயம், இன்னும் இரண்டு சேர்த்தால் வேகம். பிரைமர் டிசைன் செய்ய அவர்களே இலவச மென்பொருள் தருகிறார்கள். முதல் பிழை அங்கேயே. ஜீன்பேங்க் என்னும் பொது மரபணு வரிசைக் களஞ்சியத்தில் முதலில் கண்ணில் பட்ட முழு வரிசையை எடுத்து டிசைன் செய்தேன், அது தைவான் பக்கத்து வைரஸ். இந்த வைரஸில் இரண்டு பெரிய கூட்டம் உண்டு, இந்தியாவில் இருப்பது பசிபிக்-இந்தியப் பெருங்கடல் கூட்டம், தைவானில் இருப்பது தென்கிழக்கு ஆசியக் கூட்டம். ஆறு பிரைமர், ரூ. 2,900. கண்ணாலேயே நோய் தெரிகிற செடியில் கூட ஒன்றும் வரவில்லை. உறையின் புரதத்துக்கான ஜீனையே மறுபடி எடுத்து, இந்திய வரிசைகள் பத்துப் பன்னிரண்டை அடுக்கி, எல்லாவற்றிலும் மாறாமல் இருக்கும் இடமாகப் பார்த்து இரண்டாம் செட் போட்டேன், ரூ. 3,400. கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பனின் லேபில், முறையாகச் சுத்தம் செய்த டிஎன்ஏவில் 30 நிமிடத்தில் வேலை செய்தது. நீளமான இரண்டு பிரைமர்களை மட்டும் எச்பிஎல்சி சுத்தத்தில் வாங்கினேன், அந்தக் கூடுதல் காசு தண்டமில்லை.

அப்புறம் முழுக் காகிதக் கனவு. 2007-ல் ஹார்வர்டின் வைட்சைட்ஸ் குழு காகிதத்துக்குள் திரவம் ஓடும் தடம் போட்டுக் காட்டியதில் இருந்து இது ஒரு தனித் துறை, பிறகு மெழுகு பிரிண்டர் வைத்துத் தடம் போட ஆரம்பித்தார்கள். என்னிடம் மெழுகு பிரிண்டர் இல்லை, மெழுகுவர்த்தி இருந்தது. வாட்மேன் நம்பர் 1 ஃபில்டர் பேப்பரில் 6 மி.மீ. வட்டங்கள், சுற்றிலும் உருக்கிய மெழுகால் கரை, நடுவில் லாம்ப் கலவை, மேலும் கீழும் அகலமான செலோ டேப். பார்க்க அம்சமாக இருந்தது. 65 டிகிரி தட்டில் வைத்த பத்தாவது நிமிடம் வட்டங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரு பெரிய ஈரத் திட்டு. சாதாரண மெழுகு 55, 60 டிகிரியிலேயே உருகிவிடும் என்பது எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம், எனக்கு மூன்று வாரம் தெரியவில்லை. மெழுகை விட்டுவிட்டு நெயில் பாலிஷில் கரை போட்டும் பார்த்தேன், கரை நின்றது, உள்ளே இருந்த 10 மைக்ரோலிட்டரும் அரை மணியில் காய்ந்தது. அதோடு அதை மூட்டை கட்டிவிட்டேன்.

அடுத்தது கோடு காட்டும் ஸ்ட்ரிப். இதில்தான் அதிகப் பணம் போனது. டியூபில் லாம்ப் நடக்கும், பிரைமர் ஒன்றில் ஃப்ளோரசின், இன்னொன்றில் பயோட்டின் ஒட்டியிருக்கும், இரண்டும் ஒரே டிஎன்ஏவில் சேர்ந்தால் ஸ்ட்ரிப்பில் கோடு விழும். லேபிள் ஒட்டிய பிரைமர்கள் ரூ. 5,000, வெளிநாட்டு ஸ்ட்ரிப் பத்து ரூ. 4,000. முதல் நாள் நோய்ச்செடிக்கு இரண்டு கோடு, தண்ணீருக்கு ஒரு கோடு. போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். "பாஸா?" என்று கேட்டார். பாஸ்தான், இரண்டு வாரத்துக்கு.

மூன்றாவது வாரம் தண்ணீர் டியூபுக்கும் இரண்டு கோடு விழுந்தது. டிஸ்டில்டு வாட்டரை மாற்றினேன், விழுந்தது. பிரைமரைப் புதிதாகக் கரைத்தேன், விழுந்தது. பஃபர், டிஎன்டிபி (டிஎன்ஏவின் மூலப்பொருள்), டியூப், டிப் என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு நாளும் எட்டு யூனிட் என்ஸைமும் போனது. காரணம் மிக எளிது: கோடு பார்க்க டியூபைத் திறக்க வேண்டும். லாம்ப் ஓடி முடித்த டியூபில் அந்த வைரஸ் துண்டின் பிரதிகள் கணக்கில்லாமல் இருக்கும், மூடியைத் திறக்கும் அந்த 'டப்' சத்தத்தோடு கண்ணுக்குத் தெரியாத திவலைகள் மேசை, பைப்பெட், என் சட்டை, ஃபேன் எல்லாவற்றிலும் போய் உட்காரும். அடுத்த முறை கலவை போடும்போது ஒரே ஒரு திவலை உள்ளே விழுந்தால் போதும். இரண்டு வாரமாக வெற்றிக் களிப்பில் தினமும் டியூபைத் திறந்து திறந்து மூடியவன் நான்தான்.

அந்த அறையை ஒரு மாதம் விட்டுவிட்டேன். பைப்பெட்டுகளைக் கழற்றி பிளீச் கரைசலில் துடைத்தேன், திறந்திருந்த எல்லா ரசாயனத்தையும் தூக்கிப் போட்டேன், கலவை போடும் வேலையை இரண்டு தெரு தள்ளி இருக்கும் தம்பி வீட்டு மாடிக்கு மாற்றினேன். குளித்து, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டுதான் அந்த வீட்டுக்குள் போவேன், இலை சாம்பிள் எதுவும் அந்தப் படி ஏறாது. அம்மா பார்த்துவிட்டு "அம்மை போட்ட வீடு மாதிரி ஆக்கிட்டியேடா" என்றார். அதுவேதான் கணக்கு. ஃபில்டர் வைத்த டிப்பும் அன்றிலிருந்துதான், அதற்கு முன் காசு மிச்சம் என்று சாதா டிப்.

ஆக, டியூபைத் திறக்காமல் பார்க்க வேண்டும், அப்படியானால் நிறம். முதலில் வாங்கியது ஃபீனால் ரெட் உள்ள ரெடிமேட் கலவை, இளஞ்சிவப்பில் இருந்து மஞ்சளாகும், எந்தக் கண்ணுக்கும் தெரியும். வாழைச் சாறு ஒரு மைக்ரோலிட்டர் விட்டதும் சூடாக்கும் முன்பே மஞ்சள், ஏனென்றால் சாறே கொஞ்சம் புளிப்பு. நண்பன் கொடுத்த சாம்பிள் டியூபோடு அது முடிந்தது, நல்லவேளை காசு போகவில்லை. அடுத்தது ஹைட்ராக்ஸிநாப்தால் புளூ, சுருக்கமாக எச்என்பி. கலவையில் மக்னீசியம் சுதந்திரமாக இருந்தால் கத்தரிப்பூ நிறம், டிஎன்ஏ பெருகப் பெருக வெளிவரும் பைரோபாஸ்பேட் மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், நிறம் ஆகாச நீலத்துக்குப் போகும். ரூ. 1,100-க்கு வாங்கிய புட்டி என் பேரன் காலம் வரை வரும். ஒரு குறை, இரண்டு நிறத்துக்கும் இடையே தூரம் கம்மி. மஞ்சள் குண்டு பல்பின் கீழ் தம்பி "ரெண்டும் நீலந்தானே" என்றான். வெள்ளைத் தாள் மேல் வைத்து, பகல் வெளிச்சத்தில், தண்ணீர் டியூபைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பு வராது. இன்னொன்று, டியூப் ஃபிளாஸ்க்குக்குள் போகும் முன் கட்டாயம் ஒரு போட்டோ எடுங்கள். ஆரம்பத்தில் கல்லூரிப் பழக்கத்தில் இடிடிஏ அதிகமுள்ள பழைய பஃபரில் இலையை அரைத்தேன், அந்த இடிடிஏவும் மக்னீசியத்தைத்தான் பிடிக்கும், வினை தொடங்கும் முன்பே பாதி நீலம்.

காகிதம் உண்மையில் உதவிய இடம் இதற்கு முந்தைய படி. இலையில் இருந்து டிஎன்ஏவை எடுக்கும் வேலை. லேபில் அதற்கு சென்ட்ரிஃபியூஜ், குளோரோஃபார்ம், ஐஸ், இரண்டு மணி நேரம். 2017-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு ஒன்று, வெறும் ஃபில்டர் பேப்பர் குச்சியை அரைத்த இலைச்சாற்றில் முக்கி, கழுவி, கலவையில் முக்கினால் அரை நிமிடத்தில் வேலை முடிகிறது என்று எழுதியிருந்தார்கள். டிஎன்ஏ காகிதத்தின் செல்லுலோஸில் ஒட்டிக்கொள்ளும், கழுவும்போது குப்பை போகும், கலவைக்குள் கொஞ்சம் டிஎன்ஏ இறங்கும். முன்பே படித்ததுதான், நம்பாமல் தள்ளி வைத்திருந்தேன். பத்து மாதம் கழித்து வேறு வழியில்லாமல் எடுத்தேன்.

குச்சி செய்வது இப்படி. வாட்மேன் நம்பர் 1, 100 வட்டத் தாள் பெட்டி ரூ. 1,350. தாளை 44 மி.மீ. அகலப் பட்டையாக வெட்டிக்கொள்கிறேன். கலர் சேர்க்காத வெள்ளை மெழுகை ஒரு சில்வர் கிண்ணத்தில், கொதிக்கும் தண்ணீர் மேல் வைத்து உருக்குகிறேன், நேரடித் தீ வேண்டாம். பட்டையை 40 மி.மீ. வரை மெழுகில் முக்கி எடுக்க வேண்டும், கடைசி 4 மி.மீ. மட்டும் வெறும் காகிதமாக நிற்க வேண்டும். இங்கே ஒரு வித்தை, மெழுகு ரொம்பச் சூடாக இருந்தால் எடுத்த பிறகும் காகிதத்துக்குள் ஏறிக்கொண்டே போய் அந்த 4 மி.மீ.யையும் விழுங்கிவிடும். கிண்ணத்தின் ஓரத்தில் மெழுகு லேசாக உறையத் தொடங்கும் சமயம்தான் பதம், பாகுப் பதம் பார்ப்பது மாதிரி. ஆறின பிறகு ஸ்டீல் ஸ்கேல் வைத்து, புது பிளேடால் 2 மி.மீ. அகலத்தில் நறுக்க வேண்டும். மெழுகுப் பக்கம் கைப்பிடி, தண்ணீர் ஏறாது. வெறும் முனை 2-க்கு 4 மி.மீ., அது பிடித்துக்கொள்ளும் சாறு ஒரு மைக்ரோலிட்டர் சுமாருக்குத்தான். ஒரு வட்டத் தாளில் நூறு குச்சிக்கு மேல் தேறும். விலை என்று சொல்ல ஒன்றுமில்லை, காசுக் கணக்கில் வரும். ஆசைக்கு மற்ற காகிதங்களையும் பார்த்தேன். டிஷ்யூ பேப்பர் சாற்றில் கரைந்து கூழாகிவிட்டது, ஏ4 தாள் உறிஞ்சவே இல்லை, காப்பி ஃபில்டர் பரவாயில்லை ரகம், நான்கில் ஒன்று தவறியது. ஃபில்டர் பேப்பரில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வாழைதான் பிரச்சினை கொடுத்தது. வாழைக்கறை வேட்டியில் பட்டால் வண்ணானுக்கும் போகாது, காகிதத்தில் மட்டும் போய்விடுமா? முதல் தொகுதிக் குச்சிகள் எல்லாம் பழுப்பு, அவை முங்கிய டியூப் எல்லாம் அசையவே இல்லை, நோய்ச்செடி உட்பட. கறையில் உள்ள டானின் வகையறா என்ஸைமை முடக்குகிறது. பஃபரை மாற்றி மாற்றிக் கடைசியில் வந்து நின்றது: டிரிஸ் 50 மில்லிமோலார், பிஎச் 8, உப்பு 150 மில்லிமோலார், பிவிபி 2 சதவீதம், ட்வீன்-20 1 சதவீதம், அன்றன்று ஒரு சிட்டிகை சோடியம் சல்பைட். பிவிபி கறையைப் பிடித்துக்கொள்ளும், சல்பைட் பழுப்பாகாமல் தடுக்கும். கழுவ டிரிஸ் 10 மில்லிமோலார், ட்வீன் 0.1 சதவீதம். சாம்பிள் அளவைக் குறைத்ததும் உதவியது. நிறைய இலை போட்டால் நிறைய வைரஸ் கிடைக்கும் என்று கட்டை விரல் அளவு துண்டு போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது இரண்டு அரிசி அளவு, 500 மைக்ரோலிட்டர் பஃபருக்கு.

எந்த இடத்தில் வெட்டுவது என்பதும் முக்கியம். இந்த வைரஸ் உணவு ஓடும் குழாய்த் திசுவில்தான் குடியிருக்கும், இலைப்பரப்பில் சொற்பம். நான் இரண்டு மாதம் இலைப்பரப்பைப் பஞ்சிங் மெஷினில் குத்தி எடுத்தேன், வட்டம் வட்டமாக அளவு சரியாக வருகிறதே என்று. இப்போது கடைசியாக விரிந்த இலையின் நடு நரம்பு, காம்போடு சேரும் இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே, பிளேடால் மெல்லிசாகச் சீவல். அந்த நரம்பு நாராக இருப்பதால் சும்மா குலுக்கினால் மசியாது. 2 மி.லி. டியூபுக்குள் சைக்கிள் கடையில் வாங்கிய பேரிங் பால்ஸ் (இரும்புக் குண்டு) இரண்டு போட்டு ஒரு நிமிடம் வெறித்தனமாகக் குலுக்குகிறேன். ஒரு டஜன் பத்து ரூபாய். கடையில் கிரீஸோடு கொடுப்பார்கள், சோப்பு, ஸ்பிரிட், பிளீச், கடைசியில் தண்ணீர், உடனே துடைக்காவிட்டால் துரு.

அப்புறம் முக்கல்: சாற்றில் மூன்று, கழுவும் பஃபரில் மூன்று, கலவையில் மூன்று. குச்சியை எடுத்து எறிந்துவிட வேண்டும். எறிய மறந்து ஒரு நாள் குச்சியை டியூபுக்குள்ளேயே ஒடித்து மூடிவிட்டேன். சூட்டில் மெழுகு உருகிக் கலவையின் மேல் மிதந்தது, டியூபை வெளியே எடுத்ததும் உறைந்து தக்கை மாதிரி அடைத்துக்கொண்டது. சோதனை கெட்டதென்று தூக்கிப் போடப் போனவன், அந்த ஒரு டியூபில் மட்டும் மூடியில் ஆவி கோத்திருக்காததைக் கவனித்தேன். மற்றதில் எல்லாம் 12 மைக்ரோலிட்டரில் பாதி மூடியில் ஒட்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு டியூபிலும் மூடும் முன் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மெழுகுத் துண்டு ஒன்று போடுகிறேன். ஆவியாகாது, ஆறின பிறகு தெரியாத்தனமாக யாராவது மூடியைத் திறந்தாலும் உள்ளே இருப்பது வெளியே வராது. வட்டக் கரையைக் கெடுத்த அதே மெழுகு, அதே 65 டிகிரி.

சூட்டுக்கு முதலில் எலக்ட்ரிக் கெட்டிலில் டபிள்யூ 1209 என்கிற தெர்மோஸ்டாட் பலகையை இணைத்தேன், இரண்டும் சேர்த்து ரூ. 1,050. பலகை 65-ல் நிறுத்தும், ஆனால் 1,500 வாட் காயில் அதன் பிறகும் சூட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், 74 வரை போனது. போதாததற்கு அதனோடு வந்த சென்சார் இரண்டரை டிகிரி குறைத்துக் காட்டியது. மலையில் கரண்ட் போவதையும் சேர்த்தால் இது தேறாது. மாமா வீட்டில் காப்பி ஊற்றி வைத்திருந்த ஸ்டீல் ஃபிளாஸ்க்கைப் பார்த்ததும்தான் உறைத்தது. ஒரு லிட்டர், ரூ. 900. முதலில் கொதிதண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிட வேண்டும், இதைச் செய்யாவிட்டால் ஃபிளாஸ்க்கே நான்கு டிகிரியைத் தின்றுவிடும். அப்புறம் 68 டிகிரி தண்ணீர், வாய் வரை. டியூபுகளைத் துளை போட்ட தெர்மாகோல் வட்டத்தில் செருகி மிதக்கவிட்டு மூடி. வத்தலக்குண்டில் 45 நிமிடம் கழித்து 65.5, தாண்டிக்குடியில் குளிரில் 64. இரண்டும் லாம்புக்குச் சரி. 45 நிமிடத்துக்கு மேல் வைக்க மாட்டேன். பொறுமையாக 75 நிமிடம் வைத்த ஒரு நாள் தண்ணீர் டியூபும் நீலமாகிவிட்டது, அது கலப்படமல்ல, பிரைமர்கள் தங்களுக்குள்ளேயே ஒட்டிப் பெருகியது. ஃபோனில் அலாரம் வைப்பது நல்லது, மாமா பேச்சு சுவாரசியமாக இருக்கும்.

மலைக்குப் போவதற்கு முன் நண்பன் 24 சாம்பிளுக்கு எண் மட்டும் ஒட்டிக் கொடுத்தான், எது எந்தச் செடி என்று சொல்லவில்லை. அவன் பிசிஆரில் 9 பாசிட்டிவ். என் ஃபிளாஸ்க்கில் 8 நீலம், 16 கத்தரிப்பூ. நல்ல செடியை நோய் என்று ஒருமுறை கூடச் சொல்லவில்லை, ஒரு நோய்ச்செடியைத் தவறவிட்டேன். அதே செடியில் இருந்து வேறு சீவல் எடுத்து மறுபடி போட்டதும் நீலம். அதாவது முதல் முறை டிஎன்ஏ சரியாக வரவில்லை, டியூப் அதை என்னிடம் சொல்லவும் இல்லை. கத்தரிப்பூ நிறத்துக்கு 'வைரஸ் இல்லை', 'உள்ளே எதுவுமே வந்து சேரவில்லை' என்று இரண்டு அர்த்தம் இருக்கிறது, என் சோதனைக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. இதுதான் இப்போதைக்குப் பெரிய ஓட்டை. வாழையின் சொந்த ஜீன் ஒன்றுக்குப் பிரைமர் போட்டு, ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டாவது டியூப் ஒன்று ஓட்ட வேண்டும், வாழை ஜீன் நீலமாகாவிட்டால் அந்தச் சாம்பிள் செல்லாது. செலவு இரட்டிப்பாகும். அதுவரை ஒவ்வொரு கன்றிலும் இரண்டு இடத்தில் சீவி இரண்டு குச்சி போடுகிறேன், இரண்டும் ஒரே டியூபில்.

கணக்கு கேட்பவர்களுக்கு: 12.5 மைக்ரோலிட்டர் கலவையில், டிஎன்ஏவைப் பெருக்கும் பிஎஸ்டி என்ஸைம் 4 யூனிட். 1,600 யூனிட் ரூ. 8,200, ஆக ஒரு டியூபுக்கு 20 ரூபாய் என்ஸைம் மட்டுமே. டிஎன்டிபி, பிரைமர், பீட்டெய்ன், சாயம் எல்லாம் சேர்ந்து 9 ரூபாய், டியூபும் ஃபில்டர் டிப்பும் 6, 7 ரூபாய். மொத்தம் 36 பக்கம். காகிதச் சோதனை என்று பெயர், காகிதத்தின் பங்கு ஒரு ரூபாய் கூடத் தேறாது. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் என்ஸைமில்தான் கை வைக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் பைப்பெட் இரண்டு ரூ. 4,000-க்குக் கிடைத்தது. அவை இல்லாமல் கலவை போட முடியாது, தோட்டத்தில் குச்சியை முக்கி எடுக்க மட்டும் அவை தேவையில்லை.

தோட்டத்துக்குக் கலவையை டியூபில் அளந்து, தம்பி வீட்டிலேயே மூடி, தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டியில் ஐஸ் ஜெல்லோடு எடுத்துப் போகிறேன். அடுத்தது கலவையை ட்ரெஹலோஸ் என்னும் சர்க்கரை சேர்த்து டியூபிலேயே உலர்த்தி வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும், ஐஸ் இல்லாமல் பஸ்ஸில் போகலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது சொந்தத் தோட்டத்துக்கு மட்டும். கன்று விற்கிறவர்கள் இதைக் காட்டி 'வைரஸ் இல்லை' என்று சொல்லி விற்கக்கூடாது, அதற்குத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் மாதிரி முறையான இடங்கள் இருக்கின்றன. நானும் என் நர்சரிக் கன்றுக்கு அப்படிச் சொல்வதில்லை.

திண்ணைக்கு வருகிறேன். ஆறு கன்றில் இரண்டு நீலம். மாமா அந்த இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ரெண்டும்தான் மாப்ள ஆறுலயே நல்ல கன்னு" என்றார். கிழங்கு பருத்து, வாள் மாதிரி இலையோடு, நானாக இருந்தாலும் அந்த இரண்டைத்தான் முதலில் பொறுக்கியிருப்பேன். அவரை அழிக்கச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை, என் டியூபை நம்பி எப்படிச் சொல்வது? நான்கை அவர் நட்டுக்கொண்டார். இரண்டையும் அசுவினி ஒட்டாமல் பாலிதீன் பையில் கட்டி மலையில் இருந்து இறக்கி, நர்சரியில் மற்ற வாழை எதுவும் இல்லாத மூலையில், பூச்சி வலைக்குள் தொட்டியில் வைத்திருக்கிறேன்.

நேற்றோடு 34 நாள். ஒன்றில் புதிதாக விரிந்த இலையின் அடியில், நடு நரம்பை ஒட்டிக் கரும்பச்சையாகப் புள்ளியும் கோடும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெளிவாகத் தெரிகிறது. இன்னொன்று இன்னும் ஜோராக நிற்கிறது.